எட்டிப் பார்க்க ஆள் இருந்தால் ஆயுள் கூடுமா?

வயதானவர்களின் உடல்நலம் என்று பேச ஆரம்பித்தாலே சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, கண்புரை என்று போய்விடுகிறோம். டாக்டரும் அதைத்தான் கேட்பார். பகலில் யாரோடு பேசுவீர்கள், ராத்திரி திடீரென்று நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், கடைசியாக எப்போது ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து காபி குடித்தீர்கள் என்றெல்லாம் கேட்கிற டாக்டர் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் ரத்த அழுத்தத்தைப் போலவே இந்தக் கேள்விகளுக்கான பதிலும் ஒருவர் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்பதோடு சம்பந்தப்பட்டது என்று ஆய்வாளர்கள் நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதைத்தான் சமூக ஆதரவு என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ அரசாங்கத் திட்டம் மாதிரி இருக்கும், விஷயம் நமக்குப் பழகியதுதான்.

கண்புரை ஆபரேஷனுக்குப் போக வேண்டிய ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். துபாயில் இருக்கிற மகன் பணம் அனுப்பிவிட்டான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று விசாரித்துச் சொன்னது தெருக்கோடியில் இருக்கிற ரிட்டயர்டு டீச்சர். ஆட்டோ பிடித்துக் கூடவே போய்வந்து, அப்புறம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது பக்கத்து வீட்டு மருமகள். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து "எனக்கும் இப்படித்தான் பயமா இருந்துச்சு, ஒண்ணும் ஆகாது" என்று பேசிக்கொண்டிருந்தது, போன வருஷம் அதே ஆபரேஷன் செய்துகொண்ட சிநேகிதி.

ஜேம்ஸ் ஹவுஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1981-ல் இதையெல்லாம் நான்கு வகையாகப் பிரித்தார். மனசுக்குத் தெம்பு, கைக்கு உதவி, தகவல், அப்புறம் நாம் யோசிப்பது சரியா தப்பா என்று நம்மை நாமே எடைபோட்டுக்கொள்ள உதவுகிற பேச்சு. நான்கும் ஒரே ஆளிடம் கிடைப்பது அபூர்வம். பணம் அனுப்பியதோடு "அம்மாவை நான் பார்த்துக்கறேன்" என்று மகன் நினைத்துக்கொள்வதில் இருக்கிற ஓட்டை இதுதான். அவன் சொல்வது பொய் இல்லை, ஆனால் அவன் செய்தது நான்கில் ஒன்றில் ஒரு பகுதி. மீதியைச் செய்தவர்களின் பெயர்கூட அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. முதலாவதை வெளியிலிருந்து எண்ணிவிடலாம்: வீட்டில் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று. இரண்டாவது அவர் மனசில் இருக்கிறது, அவர் சொன்னால்தான் தெரியும். தனியாகக் குடியிருந்தபடி ஊரையே தெரிந்துவைத்திருக்கிற விதவைகள் உண்டு. ஆறு பேர் இருக்கிற வீட்டில், சாப்பிடக் கூப்பிடுகிற நேரம் தவிர யாரும் முகம் பார்த்துப் பேசாத தாத்தாக்களும் உண்டு. கூட்டுக்குடும்பம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பேச்சு எனக்கு எப்போதுமே கொஞ்சம் எரிச்சலூட்டும். அந்தக் குடும்பத்தில் பாதி நேரம் சமைத்துக்கொண்டும், மாமியாருக்குப் படுக்கை மாற்றிக்கொண்டும் இருந்த பெண்களுக்கு வயதானபோது யார் என்ன செய்தார்கள் என்று ஏக்கப் பெருமூச்சு விடுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

சரி, ஆயுளோடு என்ன சம்பந்தம்?

கலிஃபோர்னியாவின் அலமீடா கவுன்ட்டியில் 1965-ல் 6,928 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கல்யாணம் ஆனவரா, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் எவ்வளவு பார்ப்பீர்கள், சர்ச்சுக்குப் போவீர்களா, சங்கம் கிங்கம் ஏதாவது உண்டா என்று சாதாரணக் கேள்விகள். அவர்களில் யாரெல்லாம் ஒன்பது வருஷத்துக்குள் இறந்தார்கள் என்று பார்த்து லிசா பெர்க்மனும் லியோனர்ட் சைமும் 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்புகள் மிகக் குறைவாக இருந்தவர்கள், நிறைய இருந்தவர்களைவிட, ஆண்கள் என்றால் 2.3 மடங்கும் பெண்கள் என்றால் 2.8 மடங்கும் அதிகமாக இறந்திருந்தார்கள். சிகரெட், குடி, உடல் எடை, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை. 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் இதுமாதிரி 148 ஆய்வுகளை, மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று வந்தது.

உடனே ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். நோயாளியால் வெளியே போக முடியாது, அதனால் தொடர்பு குறையும், அப்புறம் நோயால் இறப்பார்; இதில் தனிமை எங்கே குற்றவாளி? நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் உடல்நிலை எப்படி இருந்தது என்பதையும் அலமீடா ஆய்வு கணக்கில் எடுத்தது. ஆனாலும் இப்படிக் கணக்குப் போட்டுக் கழிப்பது முழுத் திருப்தி தராது. அதைவிட வலுவான சாட்சி ஜப்பானில் இருக்கிறது, கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

இது உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, பாதி விஷயம் அன்றாடச் சங்கதிதான். "மாத்திரை போட்டாச்சா" என்று நச்சரிக்க ஒரு ஆள். தனக்கு மட்டும் என்றால் அடுப்பே பற்றவைக்காமல் மூன்று வேளையும் மோர்சாதத்தில் ஓட்டுகிறவரை, ஒரு குழம்பு, ஒரு பொரியல் செய்யவைக்கிற இன்னொரு தட்டு. பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணுவதையும் பேச்சு குளறுவதையும் வந்தவருக்குத் தானாகவே கவனிக்கத் தெரியாமல் போகலாம், கவனித்தாலும் போனை எடுக்கக் கை வராது. கூட ஒருவர் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும். தனியாக இருந்தால் மறுநாள் பால்காரர் வரவேண்டும்.

இன்னொரு பாதி மன அழுத்தம் வழியாக நடக்கிறது. ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் இருவரும் 1985-ல் எழுதியதன் சாரம் இது: கஷ்டம் எல்லோருக்கும் வரும், ஆனால் சாய்ந்துகொள்ள ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை இருப்பவரின் உடம்பு அந்த அடியை அவ்வளவு வாங்குவதில்லை. இதில் சுவாரசியம் என்னவென்றால், உதவி நிஜமாக வந்ததா என்பதைவிட, கேட்டால் வரும் என்கிற எண்ணமே பெரும்பாலும் அதிகம் வேலை செய்கிறது. இதே கோஹன் 1997-ல் 276 தொண்டர்களின் மூக்கில் சளி வைரஸ் சொட்டுகளை விட்டுத் தனியறையில் வைத்துப் பார்த்தார். குடும்பம், வேலை, நண்பர், அக்கம்பக்கம் என்று ஆறு வகையோ அதற்கு மேலோ உறவு வைத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்று வகைக்குள் சுருங்கியிருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல். எத்தனை பேர் என்பதைவிட எத்தனை வகை என்பது முக்கியம் என்று காட்டியது இந்த ஆய்வு. அவர்கள் யாரும் முதியவர்கள் இல்லை, எல்லோரும் 18 முதல் 55 வயது. அதனால் இதை அப்படியே தாத்தா பாட்டிக்குப் பொருத்த வேண்டாம், வழி இப்படி இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

பக்கத்துப் பக்கத்துப் பேட்டை, பத்து மடங்கு சாவு

ஒருவருடைய நட்பு வட்டத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அவர் குடியிருக்கிற தெரு எப்படி என்பதுதான் மீதி. இதற்கு 1995-ல் சிகாகோவில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஜூலை நடுவில் அங்கே சில நாட்கள் கடும் வெயில். 13-ம் தேதி 41 டிகிரி. வேலூர், திருத்தணிக்காரர்களுக்கு 41 என்றால் பெரிதாகத் தோன்றாது, ஆனால் அந்த ஊர்க் கட்டடங்கள் குளிருக்காகக் கட்டியவை, ராத்திரியும் புழுக்கம் இறங்கவில்லை, ஏழைகள் வீட்டில் ஏசி கிடையாது. வழக்கமாக இறப்பவர்களைவிட 739 பேர் அதிகமாக இறந்துபோனார்கள், பெரும்பாலோர் வயதானவர்கள். நிறையப் பேர் ஜன்னலை மூடிக்கொண்டு அறைக்குள் தனியாகக் கிடந்தார்கள். அமெரிக்க மத்திய அரசின் நோய்த்தடுப்பு மையத்தினர் வீடுவீடாகப் போய் விசாரித்ததில், தனியாகக் குடியிருந்தவர்களுக்கும் தினமும் வெளியே போகாதவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது தெரிந்தது. ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலோ, ஒரு நாயோ பூனையோ வளர்த்தாலோகூட ஆபத்து குறைந்திருந்தது.

எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அதற்கப்புறம் அந்த நகரத்தைப் பேட்டை பேட்டையாக ஆராய்ந்தார். நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல் என்று இரண்டு பகுதிகள், ஒன்றை ஒன்று ஒட்டியவை. இரண்டிலும் வறுமை, இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, வெயிலும் ஒன்றேதான். நார்த் லாண்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். சவுத் லாண்டேலில் லட்சத்துக்கு 4 பேர்கூட இல்லை.

முதலாவது பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. இரண்டாவதற்கு லிட்டில் வில்லேஜ் என்று செல்லப்பெயர், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். "பார்த்தீர்களா, மெக்சிகோக்காரர்கள் குடும்பப் பாசம் உள்ளவர்கள்" என்று அப்போது பலர் சொன்னார்கள். நாமும் இப்படித்தானே சொல்வோம், "நம்ம கலாச்சாரத்துல பெரியவங்கள விட்டுட மாட்டோம்" என்று. கிளினென்பெர்க் அதை ஒப்புக்கொள்ளவில்லை. லிட்டில் வில்லேஜில் தனியாக இருந்த முதியவர்களில் பலர் மெக்சிகோக்காரர்களே இல்லை, பிள்ளைகள் புறநகருக்குப் போய்விட, பழைய வீட்டை விடாமல் அங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரக் கிழவர்கள், கிழவிகள். மொழிகூடத் தெரியாத பேட்டையில் அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள்.

என்ன வித்தியாசம் என்றால், தெரு. லிட்டில் வில்லேஜின் 26-வது தெருவில் நடைபாதை முழுக்கக் கடைகள், பேக்கரி, தள்ளுவண்டி, குழந்தைகள், எந்நேரமும் ஜனம். வெயில் தாங்கவில்லை என்றால் கிழவி நாலு எட்டு நடந்து ஏசி ஓடுகிற கடைக்குள் போய் நிற்கலாம், போகிற வழியில் யாருக்கும் பயப்பட வேண்டாம். நார்த் லாண்டேலில் தொழிற்சாலைகள் போய், சியர்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் போய், கடைகள் மூடி, ஜனத்தொகை குறைந்து, இடிந்த வீடுகளும் காலி மனைகளுமாகக் கிடந்தது. முனையில் போதைமருந்து வியாபாரம். வயதானவர்கள் கதவை இரட்டைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கப் பழகியிருந்தார்கள். வெயில் வந்தபோதும் அதையே செய்தார்கள், செத்துப்போனார்கள்.

இனம் காரணம் என்று நினைப்பவர்களுக்கு அதே நகரத்தில் இன்னொரு ஜோடி: எங்கல்வுட், ஆபர்ன் கிரெஷம். இரண்டுமே கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள், இவையும் பக்கத்துப் பக்கம். முதலாவதில் லட்சத்துக்கு 33 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 3. ஆபர்ன் கிரெஷமில் கடைகளும் சர்ச்சுகளும் தெருக் குழுக்களும் உயிரோடு இருந்தன, ஜனம் ஊரை விட்டுப் போகவில்லை.

பெண்களைப் பற்றி ஒன்று. வயதான பெண்கள்தான் அதிகமாகத் தனியே வாழ்கிறார்கள், அப்படியென்றால் அவர்கள்தான் அதிகமாக இறந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு, ஆண்கள்தான் அதிகம். வேலை போனதும் ஆணின் சிநேகிதம் போய்விடுகிறது, மனைவி போனதும் உறவுக்காரர்களும் போய்விடுகிறார்கள், ஏனென்றால் அந்த உறவுகளையெல்லாம் போன் பண்ணி, விசேஷத்துக்குப் போய், தேங்காய் வெற்றிலை கொடுத்துக் கட்டிக்காத்தது அந்த அம்மாள்தான். ஆஸ்திரேலியாவில் இதைப் புரிந்துகொண்டு 1990-களில் ஆண்களுக்கென்று பட்டறைக் கொட்டகைகள் ஆரம்பித்தார்கள். நாலு கிழவர்கள் சேர்ந்து நாற்காலி ரிப்பேர் செய்வார்கள், மரம் இழைப்பார்கள். ஆண்கள் முகத்துக்கு முகம் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் வாசகம். நம் டீக்கடை பெஞ்சும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது, மானியம் எதுவும் இல்லாமல்.

1999-ல் சிகாகோவில் மறுபடி அதேபோல் வெயில் வந்தபோது நகராட்சி போலீசையும் ஊழியர்களையும் தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்கே அனுப்பிக் கதவைத் தட்டவைத்தது. அந்தத் தடவை இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம்.

ஜப்பான் சொல்லும் சாட்சி

1995 ஜனவரியில் கோபே நகரத்தில் பூகம்பம். வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடு கட்டியபோது, முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்துக் குலுக்கலில் ஒதுக்கினார்கள். கேட்க நல்ல காரியமாகத்தான் இருக்கிறது. விளைவு என்னவென்றால் தெருவோடு பழகியிருந்த கிழவர் ஒரு மூலைக்கும், அவரைத் தினம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வேறொரு ஊருக்கும் போனார்கள். தற்காலிகக் குடியிருப்புகளில் யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்துகிடந்தவர்கள் இருநூறுக்கும் மேல்.

2011 சுனாமியின்போது மியாகி மாகாணத்தின் இவானுமா நகரத்தில் வேறொரு விஷயம் அமைந்தது. சுனாமிக்கு ஏழு மாதம் முன்புதான், வேறொரு ஆய்வுக்காக, அங்குள்ள முதியவர்களிடம் யாரோடு பழகுகிறீர்கள், எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிவைத்திருந்தார்கள். அழிவுக்கு முன்பே எடுத்த கணக்கு கையில் இருப்பது ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத விஷயம். வீடிழந்தவர்களில் சிலர் தனித்தனியாகக் குலுக்கலில் வீடு பெற்றார்கள், சிலர் பழைய அக்கம்பக்கத்தோடு கூட்டமாக இடம் மாறினார்கள். 2013-ல் மறுபடி கேட்டபோது, தனித்தனியாகப் போனவர்களின் போக்குவரவும் பழக்கமும் குறைந்திருந்தது, கூட்டமாகப் போனவர்களுக்குக் குறையவில்லை, சில விஷயங்களில் கூடவே செய்திருந்தது. தெரு கலைந்தால் ஆதரவும் கலையும் என்பதற்கு நேருக்கு நேர் சாட்சி இது. நோயால்தான் தொடர்பு குறைந்தது என்று அலமீடா கணக்கில் வந்த சந்தேகம் இங்கே அவ்வளவாக வராது, ஏனென்றால் வீட்டை அடித்துக்கொண்டுபோனது கடல்.

சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டவர்களிடம் இதைச் சொன்னால், இதற்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்பார்கள்.

ஜப்பானில் 2024-ல் வீட்டில் தனியாக இருந்து இறந்தவர்கள் சுமார் 76,000 பேர் என்று போலீஸ் கணக்கு, அதில் முக்கால்வாசி 65 வயதைத் தாண்டியவர்கள். 2000-ல் தோக்கியோவுக்கு வெளியே தோகிவதைரா என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் இறந்து மூன்று வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். வாடகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது, பணம் தீர்ந்ததும்தான் ஆள் வந்து கதவைத் திறந்தார்கள். அதே நாட்டின் ஒகினாவா தீவில் மோவாய் என்று ஒன்று உண்டு. நம்மூர்ச் சீட்டேதான்: மாதாமாதம் கூடி ஆளுக்கு இவ்வளவு போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. பணத்துக்காக ஆரம்பித்தது, வயதான பிறகு பணம் ஒரு சாக்கு. மாதம் ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது என்பதுதான் அதன் வட்டி.

கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது

இதுவரை சொன்னதெல்லாம் முதியவர் வாங்கிக்கொள்கிற கதை. ஸ்டெஃபனி பிரவுன் என்பவரின் குழு அமெரிக்காவில் 423 வயதான தம்பதிகளை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து 2003-ல் ஒன்றைச் சொன்னது. நண்பர், சொந்தக்காரர், அக்கம்பக்கத்தாருக்குக் கைவேலையாக ஏதாவது உதவியவர்களும், கணவன் மனைவிக்குள் ஆறுதலாக இருந்தவர்களும் அந்த ஐந்து வருஷத்தில் குறைவாக இறந்திருந்தார்கள். உதவி வாங்கியதால் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை. உடம்பு தெம்பாக இருப்பவர்தானே உதவ முடியும் என்று கேட்டால், ஆரம்ப உடல்நிலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள்.

ஜிம்பாப்வேயில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஆரம்பித்தது இதன் அழகான வடிவம். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஹராரேயின் சுகாதார மையங்களுக்கு வெளியே மரபெஞ்சு போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிகளை உட்காரவைத்தார். மனம் உடைந்து வருகிறவர்கள் பாட்டியிடம் பேசினார்கள். முறையாகப் பரிசோதித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட அது நன்றாக வேலை செய்தது என்று 2016-ல் வெளியானது. அங்கே பாட்டி நோயாளி இல்லை, வைத்தியர்.

நாம் வயதானவர்களிடமிருந்து முதலில் பிடுங்குவது இதைத்தான் என்று நினைக்கிறேன். "நீங்க சும்மா உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கறோம்." பாசத்தில்தான் சொல்கிறோம். ரேஷன் கடைக்குப் போகிற வேலை, கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிற வேலை, பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிற வேலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம். அந்த ஒவ்வொரு வேலையோடும் நாலு முகங்கள் போய்விடுகின்றன.

கனடாவுக்குப் பிள்ளைகள் அழைத்துக்கொண்ட ஈழத்தமிழ்ப் பெற்றோரின் நிலை இன்னும் சிக்கல். பெற்றோரை ஸ்பான்சர் செய்கிற பிள்ளை இருபது வருஷம் அவர்களுடைய செலவுக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும் (கியூபெக்கில் பத்து வருஷம்). அந்த நாட்டு முதியோர் ஓய்வூதியம் கேட்கக் குறைந்தது பத்து வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஆக, யாழ்ப்பாணத்தில் வளவும் தோட்டமும் பென்ஷனுமாக இருந்த ஐயா, பஸ் கட்டணத்துக்கும் மகளைப் பார்க்க வேண்டியவர் ஆகிறார். ஐந்து மாதம் பனி, கார் ஓட்டத் தெரியாது, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில்தான் கதைக்கும். வீடு நிறைய ஆள், எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியிலிருந்து எண்ணினால் இவர் தனியாள் இல்லை. ஸ்கார்பரோ பக்கம் தமிழ் முதியோர் கூடும் இடங்களுக்கு இருக்கிற மதிப்பு இதனால்தான். அங்கே போகும்போதுதான் அவர் யாரோ ஒருவருடைய அப்பா என்பதை விட்டு மறுபடி மாஸ்டராகவோ சேர்மனாகவோ ஆகிறார்.

தமிழ்நாட்டு நிலவரம் சுருக்கமாக. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளாவுக்கு (16.5) அடுத்தபடி நாம்தான். 2017-18-ல் நாடு முழுக்க எடுத்த பெரிய முதுமை ஆய்வில், 60 தாண்டியவர்களில் 5.7 சதவீதம் பேர்தான் தனியாக வாழ்கிறார்கள் என்று வந்தது. இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் மேலே ஆறு பேர் வீட்டுத் தாத்தாவைப் பற்றிப் படித்ததை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மாத்திரை வந்துசேருகிறது என்பதோடு, உள்ளூர்ப் பெண் ஒருத்தி முறை தவறாமல் கதவைத் தட்டி "எப்படி இருக்கீங்க பாட்டி" என்று கேட்கிறாள் என்பதையும் அதன் பலனில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. பேச்சுத்துணைக்கோ, சட்ட விஷயத்துக்கோ, யாராவது அடித்துத் துன்புறுத்தினாலோ 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, இலவசம்.

கடைசியாக, வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. ஜேம்ஸ் லுபென் என்பவர் உருவாக்கிய ஆறு கேள்விகள், பல நாடுகளில் முதியோரிடம் பயன்படுத்துகிறார்கள். சொந்தக்காரர்களில் எத்தனை பேரை மாதம் ஒரு தடவையாவது பார்க்கிறீர்கள் அல்லது பேசுகிறீர்கள்? மனசில் இருப்பதைக் கூச்சமில்லாமல் எத்தனை பேரிடம் சொல்லலாம்? உதவி என்று எத்தனை பேரைக் கூப்பிடலாம்? இதே மூன்றையும் அப்புறம் நண்பர்களைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யாரும் இல்லை என்றால் 0, ஒருவர் என்றால் 1, இருவர் என்றால் 2, மூன்று நான்கு பேர் என்றால் 3, ஐந்து முதல் எட்டு என்றால் 4, அதற்கு மேல் 5. மொத்தம் 30-க்கு 12-க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் சொந்தக்காரப் பக்கம் நிறைந்திருக்கும், நண்பர் பக்கம், அதுவும் இடம் மாறியவர்களுக்கு, காலியாகக் கிடக்கும். பெற்றோரை ஊரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ உங்கள் அபார்ட்மெண்டுக்கு அழைத்துவரப் போகிறீர்கள் என்றால், அது இவானுமாவில் தனித்தனியாக வீடு மாறியவர்கள் கணக்கில்தான் சேரும். கூப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, பல நேரம் வேறு வழி இருக்காது. ஊரில் இருக்கும்போதே ஒரு தடவை இந்த ஆறையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், வந்து ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். நண்பர் பக்கத்து எண் பாதியாகக் குறைந்திருந்தால், அடுத்த லீவுக்கு அவர்களை எங்கே கூட்டிப்போவது என்று யோசிப்பதற்கு முன்னால், உங்கள் குடியிருப்பில் சாயங்காலம் யாரெல்லாம் கீழே வந்து உட்காருகிறார்கள் என்று விசாரித்து, முதல் நாலு நாள் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள்.